நல்லாத்தான் படிக்கிறான், புரியத்தான் மாட்டேங்குது

முதலில் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

"பிளவன் தன் நொச்சாரத்தைத் துமிலில் கவட்டினான். துமில் சளுத்ததால் நொச்சாரம் மெளிந்தது. அதைக் கண்ட பிளவன் கெந்தாளம் ஆனான்."

இப்போது கேள்விகள். பிளவன் எதைக் கவட்டினான்? நொச்சாரம் ஏன் மெளிந்தது? அதைக் கண்ட பிளவன் எப்படி ஆனான்? மூன்றுக்கும் உங்களால் சரியான விடை எழுத முடியும், திருத்துகிறவர் மூன்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது, ஏனென்றால் பாதிச் சொற்கள் நான் உட்கார்ந்து இட்டுக்கட்டியவை.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள் "உரைப்பத்தியைப் படித்து விடையளிக்க" என்று வரும் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்குவது பெரும்பாலும் இந்த வித்தையில்தான். கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியைத் தூக்கி அப்படியே எழுது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, நாலாவது ஐந்தாவதிலேயே தானாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஏழாவது வந்ததும் சமூக அறிவியலும் அறிவியலும் கனமாகும்போதுதான் விஷயம் வெளியே தெரிகிறது.

நான் சென்னை சைதாப்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், மெட்ரிகுலேஷன் பிள்ளைகளும் வருகிறார்கள். சேர்க்க வருகிற அம்மாக்கள் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒரே வசனம்: "மிஸ், நல்லாத்தான் படிக்கிறான், புரியத்தான் மாட்டேங்குது." கூடவே ஒரு தீர்வையும் அவர்களே சொல்வார்கள், இன்னும் நிறைய பத்தி கொடுத்து நிறைய கேள்வி பதில் எழுத வையுங்கள் என்று. நான் செய்யாத ஒன்று அதுதான். சொல் தேடுகிற பிள்ளைக்கு மேலும் பத்து பத்தி கொடுத்தால் இன்னும் வேகமாகச் சொல் தேடும், அவ்வளவுதான்.

புரிகிறதா இல்லையா என்று பார்க்க, விடை வரியில் இல்லாத ஒரு கேள்வி போதும். மழைக்காலத்தில் வரும் செய்தி மாதிரி நானே ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். "செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் 22 அடியைத் தாண்டியது. ஏரியின் மொத்த உயரம் 24 அடி. நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்து வருவதால் விநாடிக்கு 500 கன அடி உபரி நீர் திறக்கப்பட்டுள்ளது. அடையாற்றின் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் எச்சரிக்கையாக இருக்க அறிவுறுத்தப்பட்டுள்ளனர்." கேள்வி ஒன்றே ஒன்று: ஏரி நிரம்ப இன்னும் கிட்டத்தட்ட இரண்டு அடி பாக்கி இருக்கும்போது இப்போதே ஏன் திறந்தார்கள்?

வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் ஒரு பெண், கணீரென்று படிப்பாள், ஒரு சொல் தடுக்காது. "நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்து வருவதால்" என்று வரியைத் திருப்பிச் சொன்னாள். அதிகரித்தால் என்ன, அதான் இடம் இருக்கிறதே என்று கேட்டேன். பதில் இல்லை, பத்தியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பையன், அடையாற்றின் ஓரத்தில் வீடு, "கொள்ளளவு" மாதிரி ஒரு சொல் வந்தால் எழுத்துக் கூட்டிக்கொண்டே நின்றுவிடுவான். அவன்தான் சொன்னான்: "ஃபுல் ஆன அப்புறம் தொறந்தா மொத்தமா வரும் மிஸ். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா உட்டாதான் எங்க வீட்டாண்ட தண்ணி ஏறாது." அவனுக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நேரில் தெரியும், 2015 வெள்ளத்தைப் பற்றி வீட்டில் பேசாத மழை கிடையாது.

சரி, 500 கன அடி என்றால் எவ்வளவு என்று அடுத்து கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் ஏதோ பெரிய எண் என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் சுமார் இரண்டு குடம். அப்படியானால் ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட ஆயிரம் குடம் ஆற்றில் கவிழ்கிறது. 2015-இல் டிசம்பர் முதல் தேதி திறந்தது 29,000 கன அடி, அதாவது நொடிக்கு ஐம்பதாயிரம் குடத்துக்கும் மேல். இதைக் கணக்குப் போட்டு முடித்ததும் அந்த முதல் ரேங்க் பெண்தான் கேட்டாள்: "அப்போ அன்னைக்கு மட்டும் ஏன் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா விடல?" அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை வரைக்கும் போன கேள்வி அது. பத்தியில் எங்கேயும் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் பத்தி உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் எனக்குத் தேர்வு தேவையில்லை.

இது சைதாப்பேட்டைக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழாவது எட்டாவது படிக்கும் 64 பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை ஒரு மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்டவேண்டும், சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். நம் ஊரில் இதைச் சோதிக்க மரப் பொம்மைகூட வேண்டாம். பாடத்தில் ஒரு பக்கம் படிக்கத் திணறும் பையனிடம் நேற்றைய சேப்பாக்கம் மேட்ச் செய்தியைக் கொடுங்கள், கடைசி ஓவரில் ஸ்பின்னருக்கு ஏன் பந்து கொடுக்கவில்லை என்று கேளுங்கள், பத்து நிமிஷம் பேசுவான்.

அதனால் நான் முதலில் மாற்றியது படிப்பதற்கு முந்தைய நேரத்தை. பாடத்தைத் திறக்கும் முன் ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம், சும்மா பேச்சு. சோழர் கால ஏரிப் பாசனம் என்றால் உங்க ஊர்ல ஏரி இருக்கா, மதகு பார்த்திருக்கியா, விடுமுறைக்குத் திருவண்ணாமலைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ தாத்தா வீட்டுக்குப் போனபோது கால்வாயில் தண்ணீர் யாருக்கு முதலில் போகிறது என்று சண்டை பார்த்திருக்கியா. பார்த்த பிள்ளை பார்க்காத பிள்ளைக்குச் சொல்லும். ஒன்று கவனம்: பாடத்தில் உள்ளதை நாமே சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் அவர்கள் படிக்கமாட்டார்கள், நாம் சொன்னதைத்தான் எழுதுவார்கள். நான் பேசுவது பாடத்தைச் சுற்றியுள்ள விஷயம், பாடம் இல்லை.

அடுத்தது ஹோல்டான். சென்னை பஸ்ஸில் நடத்துநர் "ஹோல்டான்" என்றால் வண்டி நிற்கும், "ரைட், ரைட்" என்றால் கிளம்பும், இது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு பேராக உட்கார்ந்து ஒரு பத்தியை ஒருவர் சத்தமாகப் படிக்கவேண்டும், மற்றவர்களில் யாருக்கு எங்கே புரியவில்லையோ அங்கே ஹோல்டான் சொல்லவேண்டும், புரிந்த யாராவது விளக்கினால்தான் ரைட். ஆரம்பத்தில் ஒருவர்கூட நிறுத்தவே மாட்டார்கள். புரியவில்லை என்று சொல்வது அவமானம் என்று வகுப்பறை அவர்களுக்கு அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதனால் முதல் சில வாரம் நானே நிறுத்துவேன், நிஜமாகவே எனக்குத் தடுக்கும் இடத்தில். "மேற்கூறிய இரண்டனுள் பின்னது" என்று ஒரு வரி, எது பின்னது என்று எனக்கே மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, அதை அவர்கள் முன்னாலேயே செய்தேன். மிஸ்ஸே திரும்பிப் போய்ப் படிக்கிறாங்க என்று ஒரு ஆறாவது பையன் பக்கத்துப் பையனிடம் சொன்னான், அதற்கப்புறம் ஹோல்டான் மழைதான். ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை, பஸ் மட்டும்தான் என்னுடையது. பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு பேர் 1984-இல் வெளியிட்ட முறை இது, எழுத்தைப் படிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து பார்த்தது. அதில் நான்கு வேலை: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியராக மாறுவார்கள். நான்கில் சுருக்கிச் சொல்வது எளிது என்று நினைப்போம், அதுதான் ரொம்பக் கஷ்டம், முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்து ஒப்பிப்பார்கள். கேள்வி கேட்கும் வேலைக்கு நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், பதில் ஒரே வரியில் அப்படியே இருந்தால் அந்தக் கேள்வி செல்லாது. இந்த ஒரு சட்டம் பண்ணுகிற வேலை கொஞ்சநஞ்சமில்லை.

தமிழ் வாக்கியத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வினை கடைசியில் வரும். அதற்குள் செய்த, பேசிய, மறுத்த, அஞ்சி என்று எச்சங்களாக, அதாவது முடியாமல் நிற்கும் வினைகளாக, அடுக்கிக்கொண்டே போகலாம், பாடநூலில் அப்படித்தான் போகிறார்கள். பயிற்சிக்கு நான் எழுதிய வரி ஒன்று: "வரி கட்ட மறுத்த வணிகர்களுக்கு ஆதரவாகப் பேசிய அமைச்சரைச் சிறையில் அடைக்கும்படி தளபதிக்கு உத்தரவிட்ட மன்னர், மக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி இரண்டே நாளில் அவரை விடுவித்தார்." சிறைக்குப் போனது யார் என்று கேட்டால் வணிகர்கள் என்பார்கள். "அவரை" யாரை என்றால் தளபதியை என்பார்கள், ஏனென்றால் மன்னருக்குக் கிட்டே நிற்கிற ஆள் தளபதிதான். அஞ்சியது யார்? மக்கள். ஒரே வாக்கியத்தில் மூன்றும் தப்பு, படித்ததில் ஒரு எழுத்துப் பிசகில்லை.

இதற்கு நாங்கள் செய்வது, கடைசிச் சொல்லை முதலில் பிடிப்பது. விடுவித்தார். யார்? மன்னர். அது நிலைத்ததும் பின்னாலிருந்து ஒவ்வொரு எச்சமாக எடுத்து யார், யாரை என்று கேட்டுச் சின்னச் சின்ன வாக்கியமாக உடைப்பது. வணிகர்கள் வரி கட்ட மறுத்தார்கள். அமைச்சர் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். மன்னர் அமைச்சரைச் சிறையில் போடச் சொன்னார். இப்படி ஐந்தாறு வாக்கியம் வரும். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இலக்கணத்துக்கென்று வரும் கற்கண்டு பகுதியில் வினைமுற்று, எச்சம் எல்லாம் அழகாகவே இருக்கிறது, பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே எச்சத்தை வைத்துத்தான் சமூக அறிவியல் வரியைத் திறக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, தமிழ் தமிழ்ப் பீரியடோடு முடிந்துவிடுகிறது.

இணைப்புச் சொற்களுக்கு ஒரு விளையாட்டு. வரியைப் பாதியில் அட்டையால் மூடிவிட்டு அடுத்து என்ன வரும் என்று கேட்பேன். "மெட்ரோ ரயில் வந்தால் அண்ணா சாலையில் வண்டிகள் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். எனினும்..." இந்த இடத்தில் நிறுத்தினால் பாதிப் பேர் "வண்டிகள் குறைந்தன" என்பார்கள். எனினும், மாறாக, இருப்பினும், இவை வந்தால் பேச்சு திரும்புகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, பேசும்போது "ஆனா" என்று சரியாகத்தான் திருப்புகிறார்கள், எழுத்துத் தமிழில் அந்தச் சொல்லைப் பார்த்தால் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். "மறுப்பதற்கில்லை" இன்னும் மோசம், அதை மறுத்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதனால்தான் சுருக்கத்தைப் பேச்சுத் தமிழில் சொல்ல விடுகிறேன், கட்டாயம் விடுகிறேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்கிற மாதிரி சொல்லு. "அந்த மந்திரி வியாபாரிங்க பக்கம் பேசுனாரு, ராஜா கடுப்பாகி அவர உள்ள தூக்கிப் போட்டுட்டாரு, ஜனங்க சவுண்டு உட்டதும் பயந்துட்டு ரிலீஸ் பண்ணிட்டாரு." இதைவிடத் தெளிவான சுருக்கம் எனக்குத் தெரியாது. இதை அப்புறம் எழுத்துத் தமிழாக மாற்றுவது பத்து நிமிஷ வேலை. முதலிலேயே தூய தமிழில் சொல் என்று உட்காரவைத்தால் மறுபடி வரியைத்தான் ஒப்பிக்கும்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும் இதேதான். ஃபோட்டோசிந்தசிஸ் பாடத்தை முழுக்க உச்சரிப்பு சுத்தமாகப் படிப்பார்கள், செடி ராத்திரியில் சாப்பாடு தயாரிக்குமா என்றால் முழிப்பார்கள். தமிழில் விளக்கு என்பேன். சில அப்பாக்களுக்கு இது பிடிப்பதில்லை, இங்கிலீஷ்லயே பேசச் சொல்லுங்க மிஸ், அதுக்குத்தானே ஃபீஸ் கட்டறோம் என்பார்கள். தமிழில் புரிந்ததை இங்கிலீஷில் சொல்லச் சிரமப்படுவது ஒரு பிரச்சினை, இரண்டிலும் புரியாமல் இங்கிலீஷில் ஒப்பிப்பது வேறு பிரச்சினை. முதலாவதுக்கு வழி உண்டு.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இதெல்லாம் பொருந்தாது. நான் சொன்ன ஆற்றோரப் பையனுக்கு மூளையெல்லாம் பளிச்சென்று இருந்தது, எழுத்துதான் தடை. 1986-இல் காஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள், எழுத்தை வாசிக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், எந்தப் பக்கம் பூஜ்யம் வந்தாலும் விடை பூஜ்யம். ஏழாவது படித்துக்கொண்டு எழுத்துக் கூட்டுகிற பிள்ளையிடம் ஊகி, சுருக்கு என்றால் அது கொடுமை. அவனுக்குத் தனியாக, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், ஒரே சின்னப் பத்தியை நான்கைந்து தடவை படிக்க வைப்பேன். முதல் தடவை நான் படிப்பேன், அடுத்தது இருவரும் சேர்ந்து, அப்புறம் அவன் மட்டும். ண, ன, ந குழப்பமும் ஒட்டி ஒட்டி நீளும் சொற்களும்தான் அவனுக்குத் தொல்லை, "கொடுக்கப்பட்டிருந்ததால்" என்பதைக் கொடுக்க, பட்டு, இருந்ததால் என்று கையால் மூடி மூடிப் பிரித்துக் காட்டினால் படித்துவிடுவான். குழுவில் உட்காரும்போது அவன் படிக்கவேண்டாம், மற்றவர் படிக்க அவன் கேட்பான், கேள்வி போடுவான். அவன் கேள்விகளுக்குப் பயந்தே மற்றவர்கள் ஒழுங்காகப் படித்தார்கள்.

மதிப்பெண் பற்றிக் கேட்பீர்கள். காலாண்டுத் தேர்வில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, இதை மறைக்க விரும்பவில்லை. கேள்வி பதில் எழுத வைக்காமல் கதை பேசுகிறீர்கள் என்று ஒரு அம்மா பிள்ளையை வேறு டியூஷனுக்கு மாற்றிவிட்டார். நோட்ஸைப் பார்த்து எழுதினாலே மதிப்பெண் வருகிற தேர்வில் புரிதலுக்குத் தனியாக என்ன கிடைத்துவிடும்? மாற்றம் தெரிந்தது முதலில் கணக்கில், வாக்கியமாக வரும் கணக்கைப் பார்த்ததும் கூட்டணுமா கழிக்கணுமா என்று கேட்பது குறைந்தது. அப்புறம் சிந்தனை வினா, முன்பெல்லாம் அதைக் காலியாக விட்டுவிட்டு வருவார்கள்.

நிறம் நிறமாக ஹைலைட்டர் வாங்கிக் கொடுப்பது வீண், பக்கம் முழுக்க மஞ்சளாகும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்ப்பதும் வேண்டாம், அந்தச் சொல் இல்லாமலே வரி புரிகிறதா என்று பார்த்துவிட்டு, புரியாவிட்டால் மட்டும் பார்க்கலாம். வேகமாகப் படிக்கும் போட்டியை நான் வைப்பதே இல்லை.

வீட்டில் ஒரே பிள்ளை, குழுவுக்கு ஆள் இல்லை என்றால் ஊகிப்பது, கேட்பது, தெளிவுபடுத்துவது, சுருக்குவது என்ற அந்த நான்கில் நீங்கள் இரண்டு வேலை, பிள்ளை இரண்டு வேலை, அடுத்த பத்தியில் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை படிக்க நீங்கள் ஹோல்டான் சொல்லலாம், சொல்லப்போனால் பாசாங்கு இல்லாமல் சொல்லமுடியும். எந்த புக் வாங்கணும் மிஸ் என்பது அடுத்த கேள்வி. வாங்கவே வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தேன்சிட்டு இதழ் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் என்றே வருகிறது, வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் இருக்கின்றன, எட்டாவது பிள்ளையாக இருந்தாலும் தடுக்கினால் கூச்சப்படாமல் நுழையிலிருந்து ஆரம்பிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. வீட்டுக்கு வரும் காகிதமும் பாடம்தான். மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது இரண்டு மாதத்துக்குச் சேர்த்து, அதை மாதத்துக்கு 100 என்று படித்துவிட்டு அப்பாவோடு சண்டை போட்ட பிள்ளை எங்கள் டியூஷனில் உண்டு. செய்தித்தாள் என்றால் வாரம் ஒரு நாள் போதும், தலையங்கம் வேண்டாம், அது எட்டாவதுக்கும் கனம். சென்னைச் செய்திகள் வரும் பக்கத்தை எடுங்கள், அதிலும் உங்கள் தெரு, உங்கள் ஸ்டேஷன், உங்கள் பஸ் ரூட் வருகிற செய்தியாகப் பார்த்து, ஒரே ஒரு செய்தி.